பயிர் பச்சை... பத்தாயம் காலி! யூரியாவை மட்டும் நம்பினால் நஷ்டம்தான்

தஞ்சாவூர்:

காவிரி டெல்டாவில் நடவு முடிந்து 20 நாள் ஆனால் போதும், உரக்கடை வாசலில் கூட்டம் கூடிவிடும். "பயிரு வெளுத்துப்போச்சு, ரெண்டு மூட்டை யூரியா குடுங்க" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் பேச்சு.

யூரியா போட்ட ஒரே வாரத்தில் வயல் கரும்பச்சையாக மாறிவிடும். விவசாயிக்கும் நிம்மதி. ஆனால் அறுவடையின்போது பாதிக்குப் பாதி பதராக வந்தால்தான் தலையில் கை வைக்கிறார். தப்பு எங்கே நடக்கிறது?

இலை வேறு... நெல் வேறு...

யூரியாவில் இருப்பது 46 சதவீதம் தழைச்சத்து. வேறு எந்தச் சத்தும் அதில் கிடையாது. தழைச்சத்து இலையை வளர்க்கும், தூர் வெடிக்க வைக்கும். வேர் பிடிக்க மணிச்சத்து வேண்டும். தண்டு உறுதியாக நிற்கவும், கதிரில் பால் பிடித்து மணி முற்றவும் சாம்பல் சத்து வேண்டும். துத்தநாகம் கொஞ்சமாகத்தான் தேவை. ஆனால் அது இல்லாவிட்டால் பயிர் எழும்பாது.

எந்தச் சத்து குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலை முடிவு செய்யும். குழம்பில் உப்பு இல்லையென்றால் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினால் ருசி வந்துவிடுமா? வயலும் அப்படித்தான்.

அளவுக்கு மீறி யூரியா போட்டால் இலையும் தண்டும் மெத்தென்று ஆகிவிடும். புகையான், இலைச்சுருட்டுப்புழு, குலைநோய் எல்லாம் தேடி வரும். ஒரு காற்று மழை அடித்தால் பயிர் படுத்துவிடும். அப்புறம் மருந்துக்குச் செலவு, சாய்ந்த பயிரை அறுக்கவும் கூடுதல் செலவு.

டீயை விட யூரியா மலிவு!

விவசாயியை மட்டும் குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. விலையும் அப்படித்தான் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. கிலோ 6 ரூபாய் கூட வரவில்லை. கடையில் ஒரு டீ அதைவிட அதிகம். ஆனால் டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். பொட்டாஷ் மூட்டை 1,500 ரூபாயைத் தாண்டுகிறது.

2010-ம் ஆண்டு மத்திய அரசு டி.ஏ.பி., பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. யூரியா விலையை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. விளைவு? தழை, மணி, சாம்பல் சத்துக்களை 4:2:1 என்ற கணக்கில் போட வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 2023-24-ல் இது சுமார் 11:4:1 ஆகிவிட்டது. கையில் காசு இல்லாத குத்தகை விவசாயி எதை வாங்குவார்? சொல்லவே வேண்டியதில்லை.

எந்த இலை வெளுக்கிறது?

பயிர் வெளுத்தால் உடனே மூட்டையைப் பிரிக்காமல், எந்த இலை வெளுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

* அடியிலுள்ள பழைய இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்து குறைவு.

* பழைய இலையின் நுனியும் ஓரமும் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல் சத்து குறைவு.

* இலை கரும்பச்சையாக இருந்தும் பயிர் குட்டையாக, தூர் வெடிக்காமல் நின்றால் மணிச்சத்து குறைவு.

* புது இலையின் அடிப்பக்கம் நடுநரம்பை ஒட்டி வெளுத்து, கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் வந்து, வயல் திட்டுத்திட்டாக இருந்தால் துத்தநாகக் குறைவு.

கடைசியாகச் சொன்னதை பல ஆண்டுகள் ஏதோ நோய் என்றே நினைத்திருந்தார்கள். வட இந்தியாவின் பந்த்நகரில் 1966-ல்தான் அது வெறும் துத்தநாகப் பற்றாக்குறை என்று விஞ்ஞானி நெனே கண்டுபிடித்தார். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் சமன் செய்த வயலில் தூவினால் போதும். டி.ஏ.பி.யோடு கலந்து போடக்கூடாது. இரண்டும் சேர்ந்து பயிருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

சம்பாவில் மழைத் தண்ணீர் தேங்கினாலும் பயிர் வெளுக்கும். வேர் மூச்சு விட முடியாத நேரத்தில் யூரியா போட்டால் அது தண்ணீரோடு போச்சு. முதலில் வடிகால், அப்புறம்தான் உரம்.

கையில் இருக்க வேண்டிய அட்டை

தழைச்சத்து தேவையா என்று பார்க்க இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-வது நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை வேளையில், நம் நிழல் விழும்படி நின்று 10 இலைகளை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது கணக்கு. பாதிக்கு மேற்பட்ட இலைகள் அதைவிட வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போட்டால் போதும்.

மற்ற சத்துக்களுக்கு மண் பரிசோதனைதான் வழி. 2015-ல் வந்த மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். ஆனால் முதல் சுற்றுகளில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு, அதாவது ஆறே கால் ஏக்கருக்கு ஒரு இடத்தில்தான் மண் எடுத்தார்கள். ரெண்டு ஏக்கர்காரர் கையில் இருக்கும் அட்டை பக்கத்து வயல் மண்ணின் கணக்காகக்கூட இருக்கலாம்!

எனவே கோடையில் வயல் காய்ந்திருக்கும்போது வரப்பு, மர நிழல், எருக்குழி பக்கம் விட்டுவிட்டு, பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோவை பரிசோதனை நிலையத்தில் கொடுப்பது நல்லது. அந்த முடிவு நாற்று விடும் முன்பே கைக்கு வர வேண்டும். நடவு முடிந்து வந்தால் அது வெறும் காகிதம்தான்.

பரிசோதனை முடிவு நேரத்துக்கு வர வேண்டும், பொட்டாஷ் விலை ஏழை விவசாயிக்கு எட்ட வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கும் கூட்டம் தானாகவே குறையும் என்பதே டெல்டா விவசாயிகளின் எதிர்பார்ப்பு.