பூட் ஆகாத கெர்னலும் ஒரு அப்பாவி கமிட்டும்

லினக்ஸ் கெர்னலின் ஒரு பதிப்பு ஒழுங்காக பூட் ஆகிறது. அடுத்த பதிப்பைப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் சுமார் 14,000 மாற்றங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுசு போதாது. ஆனால் கிட் பைசெக்ட் இருந்தால் 14 தடவை கம்பைல் பண்ணி பூட் செய்தால் போதும். நடுவில் இருக்கும் கமிட்டை எடுத்துத் தரும். பூட் ஆனால் நல்லது, நின்றால் கெட்டது என்று சொல்ல வேண்டியது மட்டும் நம் வேலை. ஒவ்வொரு பதிலுக்கும் பாதி கழிந்துவிடும். (பைனரி சர்ச்சை வகுப்பில் பத்து எண்ணுள்ள அரேயில் தேடிக் காட்டுவதற்குப் பதில் இதைக் காட்டினால் ஒருத்தரும் தூங்க மாட்டோம்!)

கடைசியில் 'முதல் கெட்ட கமிட் இதுதான்' என்று வந்து நிற்கும். உடனே அதை எழுதியவரைத் திட்டக் கிளம்பிவிடுகிறது ஒரு கூட்டம். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

2019 செப்டம்பரில் 5.3 கெர்னல் வெளிவரும் தறுவாயில் நடந்ததைப் பாருங்கள். ஒரு கணினி பூட் ஆகும்போது அப்படியே தொங்கியது. பைசெக்ட் பண்ணியதில் மாட்டியது எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வந்த ஒரு சின்ன மாற்றம். அது செய்ததெல்லாம், டிஸ்க்கிலிருந்து ஐநோடு படிக்கும் கோரிக்கைகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பியதுதான். அதனால் டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகள் குறைந்தன. நல்ல காரியம்தானே?

கெர்னல் தன் ரேண்டம் எண்களுக்கு வேண்டிய எதேச்சைத்தன்மையை இன்டரப்ட்டுகள் வரும் நேரத்திலிருந்தும் திரட்டுகிறது. டிஸ்க் வேலை குறைந்தால் இன்டரப்ட்டும் குறையும். பூட் ஆகும் நேரத்தில் ஒரு புரோகிராம் கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் காலை அழைக்கிறது. கையிருப்பு போதாததால் கெர்னல் அதைக் காத்திருக்க வைக்கிறது. பூட்டே அந்தப் புரோகிராமுக்காகக் காத்திருப்பதால் வேறு வேலையும் ஓடாது, இன்டரப்ட்டும் வராது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. யாராவது கீபோர்டைத் தட்டினால் விடிவுகாலம்.

இதில் யார் மேல் தப்பு? எக்ஸ்ட்4 மாற்றத்தில் ஒரு வரி கூடப் பிழையில்லை. காத்திருக்க வைக்கும் கெட்ரேண்டம் 2014-ல் 3.17 பதிப்பிலேயே வந்துவிட்டது. பூட்டின் நடுவில் அதை அவசரமாகக் கேட்ட புரோகிராமையும் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால் அப்போது எக்ஸ்ட்4, ரேண்டம் இரண்டையும் பராமரித்தவர் ஒருவரே, தியோடர் ட்ஸோ.

லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த அப்பாவி கமிட்டைத்தான் திரும்ப எடுத்தார், 5.3 வெளியான அன்றே. வெளியீட்டு அறிவிப்பில், அதில் பிழை இல்லை, செய்ய நினைத்ததை நன்றாகவே செய்தது என்றும் எழுதினார். இது அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. புரோகிராம் எழுதியவர்கள்தானே திருத்த வேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் அவர் செய்ததுதான் சரி. நேற்று பூட் ஆன கணினி இன்று பூட் ஆகவில்லை என்பவரிடம் போய் எந்த லைப்ரரி மேல் தப்பு என்று பாடம் எடுத்து என்ன பயன்? முதலில் மெஷின் எழுந்திருக்கட்டும், பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சாயத்தும் நடக்காமல் போகவில்லை. 5.4 பதிப்பில், கையிருப்பு இல்லாவிட்டால் கெர்னலே பிராசஸரின் நேரத் தடுமாற்றங்களிலிருந்து எதேச்சைத்தன்மையை உண்டாக்கிக்கொள்ளும்படி மாற்றினார்கள். அது வந்ததும் எக்ஸ்ட்4 மாற்றத்தையும் பழையபடி சேர்த்துவிட்டார்கள். 'முதல் கெட்ட கமிட்' என்று பெயர் வாங்கியது அடுத்த பதிப்பிலேயே நல்ல கமிட்!

நீங்களும் பூட் பிரச்சினைக்கு பைசெக்ட் பண்ணப்போகிறீர்கள் என்றால் ஒன்று. மேலே சொன்ன கேஸில் பொறுமையில்லாமல் ஒரு கீயைத் தட்டியிருந்தால் கெட்ட கெர்னலும் பூட் ஆகியிருக்கும். அதற்கு 'நல்லது' என்று பதில் சொல்லிவிட்டால் மீதித் தேடல் முழுக்க தப்பான பாதியில்தான் நடக்கும், கிட்டுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை பூட் செய்து பாருங்கள். கம்பைலே ஆகாத கமிட் வந்தால் ஊகித்துப் பதில் சொல்லாமல் ஸ்கிப் கொடுங்கள். கடைசியில் மாட்டிய கமிட்டை மட்டும் புதிய கெர்னலிலிருந்து நீக்கிவிட்டு, பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகு புகார் எழுதுங்கள்.