சிசுவின் செவியும் சர்க்காரின் கடமையும்

முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில், பத்து மாதக் குழந்தை அழைத்தும் திரும்பிப் பார்ப்பதில்லையென்றால், “இவன் தகப்பனும் தாமதமாய்த்தான் பேசினான்” என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவர். அன்பிற் பிறந்த வார்த்தைதான். எனினும் பெருந்தீங்கு விளைப்பது.

1984-ஆம் வருஷத்தில் கானடாவில் வசித்த ஜானெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஆங்கிலமே கேட்டு வளர்ந்த ஆறேழு மாதச் சிசுக்கள் ஹிந்தியின் தகர டகர வேற்றுமையை உணர்ந்தன. ஓராண்டு நிறைவதற்குள் அத்திறமை பெரும்பாலும் மறைந்தது. நம் குழந்தைகளுக்கோ பத்தும் பட்டும் ஒன்றாகா. (வெள்ளையர் நம் ஊர்ப் பெயர்களைச் சிதைத்ததற்கு அகம்பாவம் மட்டுமே காரணமன்று போலும்!) கேட்கும் ஒலிக்குத் தக்கபடி மூளை முதல் வருஷத்திலேயே தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. ஒலியே கேளாத சிசு என் செய்யும்?

செவியைச் சோதிக்கக் குழந்தை பேசும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. உறங்கும் சிசுவின் தலையில் மின்வாய்களை ஒட்டிக் காதில் ஒலியெழுப்பினால், மூளைத்தண்டின் மறுமொழி கருவியில் அலையாய்த் தோன்றும். பிறந்தபோது தாமதித்து வரும் அவ்வலை, இரண்டு வயதையொட்டிப் பெரியோரின் வேகத்தை எட்டுகிறது. முதல் மாதத்திற்குள் சோதனை, மூன்றாம் மாதத்திற்குள் நிர்ணயம், ஆறாம் மாதத்திற்குள் சிகிச்சை என்பது வைத்தியர் வகுத்த கிரமம்.

மத்திய சர்க்கார் 2013-இல் தொடங்கிய குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தில் பிறவிச் செவிடும் சேர்ந்துள்ளது. காகிதத்தில் இருப்பது போதாது. புதுவையில் பெரிய ஆஸ்பத்திரியாயினும் சிறு பிரசவ விடுதியாயினும், செவிச் சோதனையின்றி எந்தச் சிசுவையும் வீட்டுக்கு அனுப்பலாகாதென்று சர்க்கார் உத்தரவிட வேண்டும். சோதனையில் ஐயம் நேர்ந்த குழந்தையின் வீட்டைத் தேடிச் சென்று மறுசோதனைக்கு அழைத்து வருவதும் அவர்கள் பொறுப்பே. கூலி வேலையை விட்டு மும்முறை அலையத் தாயால் இயலாது.