ஸ்பேனர் பிடிக்கும் கைக்குச் சான்றிதழ் எப்போது?

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் நம் நாளேடுகள் ‘ஏ’க்களை எண்ணத் தொடங்கிவிடுகின்றன. எட்டு ‘ஏ’, பத்து ‘ஏ’ எடுத்த பிள்ளைகளின் படங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. பாராட்டுவோம். ஆனால் படம் வராத பிள்ளைகள் மறுவாரம் எங்கே போகிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

லோரியில் உதவியாள், பாதுகாவலர், தொழிற்சாலையில் இரவு வேலை, தெரிந்த குத்தகையாளரிடம் பைப் வேலை. இவற்றில் கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும். ஏனென்றால், அது வெறும் வேலை அல்ல. முறையாகக் கற்றால் ஒருவனைச் சொந்தக் காலில் நிற்க வைக்கும் தொழில்.

குழாய்த் தொழிலுக்கு அழிவில்லை. இந்நாட்டில் சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கட்டணம் வசூலாவதில்லை. பழைய குழாய்களின் கசிவு அதற்கு முக்கியக் காரணம். அடுக்குமாடி வீடுகள் பழசாகிக்கொண்டே போகின்றன. எந்தக் கணினியும் வந்து கழிவறை அடைப்பை எடுக்கப் போவதில்லை.

ஆனால் தொழிலின் வாசல் மாறிவிட்டது. முன்பு கைப்பழக்கம் போதும். 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008இல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நடப்புக்கு வந்த பிறகு, பொதுக் குடிநீர்க் குழாயோடு இணைக்கும் வேலைக்கு ‘ஸ்பான்’ ஆணையத்தின் அனுமதி பெற்றவர் தேவை. கட்டுமானத் தளத்தில் வேலை செய்ய சி.ஐ.டி.பி. அட்டை வேண்டும். கையில் தொழில் இருந்தும் பத்திரம் இல்லாதவன் காலமெல்லாம் எடுபிடி ஆள்தான்.

நம் பையன்களின் நிலை இதுதான். ஐந்து வருடம் வேலை செய்திருப்பான். இரும்புக் குழாய்க்கு மரை வெட்டத் தெரியும். பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி ஒட்டத் தெரியும். ஆனால் கழிவுக் குழாய்க்கு ஏன் சாய்வு வேண்டும், குறைந்தால் என்ன ஆகும், கூடினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். தொட்டிக்கடியில் வளைந்திருக்கும் குழாயில் தேங்கும் நீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது என்று யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள். கட்டட வரைபடத்தை அவன் கையில் யாரும் கொடுத்ததில்லை. முதலாளி கடையை மூடினால் அந்த ஐந்து வருடமும் காற்றோடு போய்விடும்.

இதற்குப் பெயர் தொழிற்பயிற்சியா? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, பயிற்சி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் 6 மாதத்துக்குக் குறையாமலும் 24 மாதத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். தொழிலை முறைப்படி கற்பிக்க முதலாளி பொறுப்பேற்க வேண்டும். எழுத்தும் இல்லை, கற்பித்தலும் இல்லையென்றால் அது பயிற்சி அல்ல, மலிவுக் கூலி.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை 2005இல் தொடங்கப்பட்டது. பயிற்சியின் பெரும்பகுதி, அதாவது 70 முதல் 80 விழுக்காடு, வேலையிடத்திலேயே நடக்கும். எஞ்சியது வகுப்பறையில். முடிவில் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். கிடைக்கும். புத்தகத்தைவிட கைவேலையில் கெட்டிக்காரனான பையனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

ஆனால் இதற்கு ஒரு முதலாளி கையெழுத்திட வேண்டும். இங்கேதான் நாம் வெளியே நிற்கிறோம். சீனக் குத்தகையாளர் தம் மகனையும் உறவுக்காரப் பையனையும் பழக்குகிறார். அது இயல்பு, குறை சொல்ல முடியாது. மலாய் இளைஞனுக்கு மாராவின் கீழ் கியாட்மாரா மையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த நம் பிள்ளைக்குக் குத்தகையாளர் மாமாவும் இல்லை, அரவணைக்கும் அமைப்பும் இல்லை. அரசியலமைப்பின் 153ஆவது விதி பயிற்சி வாய்ப்புகளில் ஒதுக்கீட்டுக்கு இடமளிக்கிறது. ஆனால் அந்த ஒதுக்கீடு நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியின் சொல்தான். மற்ற இனங்களின் நியாயமான நலனைக் காக்கும் பொறுப்பையும் அது சொல்கிறது.

“நம் பையன்களுக்கு வேலையில் நிலைக்கத் தெரியாது” என்று நம்மவர்களே சொல்கிறார்கள். எந்த வருடம் என்ன கற்பான், எப்போது சம்பளம் உயரும், கடைசியில் என்ன சான்றிதழ் என்று எதுவுமே தெரியாத இடத்தில் யார்தான் நிலைப்பார்கள்? முதலில் ஏணியைக் கொடுங்கள். பிறகு ஏறுகிறானா என்று பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று:

1. அரசாங்கக் கட்டுமானக் குத்தகை பெறும் நிறுவனம் ஒவ்வொன்றும் ஒப்பந்தத்துடன் பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும்.

2. அரசுத் தொழிற்பயிற்சி மையங்களில் துறைவாரியாக, இனவாரியாக எத்தனை பேருக்கு இடம் என்பது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

3. பல வருடம் வேலை செய்தவர்கள், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி எஸ்.கே.எம். பெற பி.பி.டி. என்ற வழி இருக்கிறது. அந்தக் கோப்பைத் தயாரிக்க அவர்களுக்கு உதவி மையங்கள் வேண்டும்.

வாசகரே, அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பையன் பைப் வேலைக்குப் போகிறானா? முதல் நாளே எழுத்தில் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். செய்யும் வேலை ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தேதியும் இடமும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அதுதான் அவனுடைய ஆதாரம். தனியார் மையத்தில் பணம் கட்டும் முன், அந்தப் பயிற்சிக்குத் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். வெறும் வருகைச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

நீங்களே குத்தகையாளரா? ஒரு பையனை எடுங்கள். ஒப்பந்தம் போட்டு எடுங்கள். ஸ்பேனரோடு வரைபடத்தையும் அவன் கையில் கொடுங்கள்.