நள்ளிரவில் பாட்டு, விடிந்ததும் நியாயம்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருப்பத்தூர். அங்கே 1921-இல் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். வயதில் மூத்த ஏசுதாசனைப் பெரியண்ணன் என்று அழைத்தார்கள். பேட்டன் சின்னண்ணன் ஆனார். மிஷன் வளாகங்களில் வெள்ளைக்காரர் மேலேயும் இந்தியர் கீழேயும் இருந்த காலத்தில், ஒரு தமிழருக்குத் தம்பியாக இருக்க மனமுவந்து சம்மதித்தவர் அவர். கதர் உடுத்தினார், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கு எதிரான மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்ற அவரைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. அடித்தது அவருடைய சொந்த நாட்டு அரசாங்கம். அந்த அடிக்குப் பயந்து அவர் ஆசிரமத்தை விட்டுவிடவில்லை. திருப்பத்தூர்ப் பணியைத் தொடர்ந்தார்.

பேட்டனைப் போலச் சமாதானத்துக்காக உழைப்பவர்களைத்தான் மலைப்பிரசங்கத்தில் இயேசு பாக்கியவான்கள் என்கிறார். அடுத்த மூச்சிலேயே நீதியின் பொருட்டுத் துன்பப்படுகிறவர்களையும் அப்படியே சொல்லி, துன்பம் வரும்போது மகிழ்ந்து களிகூரச் சொல்கிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது: நடுவில் போய் நிற்கிறவன் மேல்தான் இரு தரப்புக் கல்லும் விழும். ஆனால் இந்தப் போதனையை இன்று இரண்டு விதமாகத் திரிக்கிறோம். வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் போவதே சந்தோஷம் என்று ஒரு சாரார் பிரசங்கிக்கிறார்கள். பட்ட துன்பத்தைப் பதக்கமாகக் குத்திக்கொண்டு, எதிர்த்தவர்கள் எல்லாரையும் பகைவர் பட்டியலில் சேர்ப்பதே விசுவாசம் என்று இன்னொரு சாரார் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. சமாதானம் செய்கிறவரின் மகிழ்ச்சி வலியை இல்லையென்று சொல்வதில்லை. பகையைத்தான் வேண்டாம் என்கிறது. பகை இல்லாதவரால்தான் பயமில்லாமல் நியாயம் கேட்க முடியும், அதையும் தனக்காக மட்டுமல்லாமல் எல்லாருக்காகவும் கேட்க முடியும்.

இதற்கு வேதத்திலேயே தெளிவான சாட்சி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில், பிலிப்பி நகரில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் சட்டையைக் கிழித்து அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் போடுகிறார்கள். நள்ளிரவில் இருவரும் பாடுகிறார்கள். இதுவரைக்கும் எல்லா மேடையிலும் கேட்டிருக்கிறோம். அதன் பிறகு நடப்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நில அதிர்வில் கதவுகள் திறந்துகொள்ள, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணிச் சிறைக்காவலன் தற்கொலைக்குத் துணிகிறான். தன்னைப் பூட்டிவைத்த அந்த மனிதனைப் பவுல் தடுத்துக் காப்பாற்றுகிறார். விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி, போகலாம் என்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் வெளிப்படையாக அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்கிறார். அதிகாரிகள் வந்து கெஞ்சுகிறார்கள். பாட்டு, இரக்கம், சட்ட உரிமை மூன்றும் ஒரே மனிதரிடம், ஒரே இரவிலும் அதன் விடியலிலும். பாடியதால் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. உரிமை கேட்டதால் சிறைக்காவலனை வெறுக்கவில்லை.

நம் காலத்தில் இதற்கு நெருங்கிய உதாரணம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும், பல ஆண்டுகளாக விசாரணைக் கைதிகளாகவே சிறையில் வாடும் ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் உழைத்தவர். 2020 அக்டோபர் 8-ஆம் தேதி ராஞ்சியில், மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகான் வன்முறை வழக்கில், ‘உபா’ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அப்போது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாத நிலை. உறிஞ்சுகுழலும் அதற்கேற்ற குவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார்; விசாரணை தொடங்குமுன்பே, 2021 ஜூலை 5 அன்று, மும்பை மருத்துவமனையில் கைதியாகவே இறந்தார். கைதுக்குச் சற்று முன் பதிவான காணொளியில், தான் வெறும் பார்வையாளனாக இல்லாததில் மகிழ்ச்சி என்றும், அதற்கான விலையைக் கொடுக்கத் தயார் என்றும் சொன்னார். சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில், தன்னைச் சாப்பிடவைக்கவும் குளிப்பாட்டவும் உதவிய சக கைதிகளைப் பற்றியும், ஏழைக் கைதிகளின் நிலை பற்றியும் எழுதினார். கூண்டில் அடைபட்டாலும் சேர்ந்து பாடுவோம் என்ற பொருளில் நண்பர்களுக்குத் தைரியம் சொன்னார். அதே மனிதர்தான் ஜாமீன் கேட்டு நீதிமன்றத்தின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டினார். மகிழ்ச்சி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மன்னிப்பைப் பற்றியும் இதே தெளிவு வேண்டும். ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரி 22 இரவு, ஜீப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள் பிலிப், திமொத்தி இருவரையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. பிள்ளைகளுக்குப் பத்தும் ஆறும் வயது. ஸ்டெயின்ஸ் பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தை நடத்திவந்தவர். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை அறிந்த வேலூர்க்காரர்களுக்கு, சொந்த வீடே கைவிட்ட நோயாளிகளோடு வாழ்வது எத்தகைய வேலை என்று விளக்கத் தேவையில்லை. மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார்; உடனே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடாமல் அதே நோயாளிகளோடு சில ஆண்டுகள் இருந்தார். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான விளைவு வேறு என்பதில் அவர் குழம்பவில்லை. அரசு வழக்கு நடத்தியது. முதன்மைக் குற்றவாளிக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. விசாரிப்பதும் தண்டிப்பதும் அரசின் கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக்கழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். அடிபட்டவரிடமே போய் ‘மகிழ்ச்சியாக இரு’ என்று சொல்வது கொடுமை அல்லவா? அடிக்கிறவர்களுக்கு இது வசதியாகப் போய்விடாதா? ஆம், வெளியிலிருந்து இன்னொருவர் உபதேசித்தால் அது கொடுமைதான். ஆலயத்தில் கல் விழுந்து, ஜெபக்கூட்டத்துக்குள் கும்பல் புகுந்து, போலீஸ் புகாரை வாங்க மறுக்கும் குடும்பத்திடம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசும் உரிமை, அந்தக் குடும்பத்தோடு காவல் நிலையத்துக்கு நடந்தவருக்கு மட்டுமே உண்டு. இந்த மகிழ்ச்சி யாரும் யாருக்கும் போடக்கூடிய கட்டளை அல்ல; துன்பப்படுகிறவர் தாமே கண்டடைவது. அப்படிக் கண்டடைந்தவரை மிரட்டுவதும் எளிதல்ல. பயத்தையும் வெறுப்பையும் வைத்துத்தான் கும்பல் வேலை செய்கிறது. இரண்டுக்கும் ஆளாகாத ஒருவரிடம் அதன் பலம் பாதியாகிறது.

இன்னொரு ஆட்சேபம்: மதமாற்றம் நடக்கும் இடத்தில் எதிர்ப்பும் வரத்தானே செய்யும், அதற்கு உபத்திரவம் என்று பெயர் வைக்கலாமா? இதை ஒதுக்கித் தள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். அரசமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமைக்கு வரம்புகளையும் வைக்கிறது. வரம்பு எங்கே என்ற விவாதத்துக்கு நீதிமன்றமும் சட்டமன்றமும் இருக்கின்றன. தமிழகத்திலேயே 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைக்கு அவசரச் சட்டம் வந்தது, எதிர்ப்பு எழுந்தது, 2004-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறுபாட்டை இப்படித்தான் தீர்க்க வேண்டும். மோசடி நடந்தால் புகார் கொடுக்கலாம். தெருவில் கூடுகிற கும்பலுக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலையை யாரும் கொடுக்கவில்லை. அதே நேரத்தில் கிறிஸ்தவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தவறு செய்து அடிபடுவதையும் நன்மை செய்து அடிபடுவதையும் பேதுருவின் முதல் நிருபம் தெளிவாகப் பிரிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடுகிற தெய்வத்தை ஒலிபெருக்கியில் இழிவாகப் பேசிவிட்டு, வருகிற கோபத்துக்கு உபத்திரவம் என்று பெயரிடக் கூடாது. அந்தக் கோபம் கல்லெறியாக மாறினால் அது குற்றம்தான். ஆனால் இழிவாகப் பேசியவர் சமாதானம் செய்கிறவர் ஆகிவிட மாட்டார்.

எல்லாவற்றிலும் கடினமான சோதனை வெளியே இல்லை, சபைக்குள் இருக்கிறது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பகுதி எறையூரில் ஒரே பங்கைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே ஆலயத்தில் மண்டியிடுகிறவர்கள் சாதியால் பிரிந்து கிடக்கும்போது, வெளியாரின் பகையை மட்டும் பேசுவது நேர்மை ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் நம் தோல் தொழில் ஊர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் முஸ்லிம் முதலாளியும் தலித் தொழிலாளியும், கிறிஸ்தவரும் இந்துவும் ஒரே சம்பளச் சுற்றில் வாழ்கிறார்கள். 2015 ஜூனில், போலீஸ் விசாரணைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்ததையடுத்து ஆம்பூரில் மூண்ட வன்முறை, ஒரே இரவில் இந்த உறவு எவ்வளவு உடைந்துபோகும் என்று காட்டியது. சட்டமும் மதம் பார்த்தே பிரிக்கிறது: பட்டியல் சாதிகளுக்கான 1950-ஆம் ஆண்டு ஆணையில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தன் உரிமைக்காக மட்டும் சபை குரல் கொடுத்தால் அது ஒரு சமூகத்தின் கோரிக்கை மனு. பக்கத்தில் நிற்கிற முஸ்லிமுக்காகவும், தாக்கப்படுகிற இந்து தலித்துக்காகவும், தன் சொந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒதுக்கப்பட்டவருக்காகவும் சேர்த்துப் பேசும்போதுதான் அது மலைப்பிரசங்கம் சொன்ன சமாதானப் பணி.

ஆகவே சபைத் தலைவர்களுக்கும் விசுவாசிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்காவது ஆலயம் தாக்கப்பட்டால், ஜெபத்தோடு நிறுத்தாமல் புகாரும் கொடுங்கள், வழக்கையும் நடத்துங்கள். ஆனால் பழிவாங்கும் ஒரு வார்த்தைகூட மேடையில் வரவேண்டாம். ஊரில் வதந்தி கிளம்பினால், எந்த மதத்தார்மீது கிளம்பினாலும், முதலில் அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். சபைக்குள் சாதியை வைத்திருக்கும் சுவர் எதுவானாலும் இடித்துவிடுங்கள். அரசுக்கும் ஒரு சொல்: துன்பத்தை மகிழ்ச்சியோடு தாங்கும் மக்கள் இருப்பது அவர்களைக் காக்கும் கடமையிலிருந்து உங்களுக்கு விடுதலை தருவதில்லை. பகையில்லாமல் நியாயம் கேட்கிற குடிமக்களுக்கு நியாயம் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.