ரூபனின் நல்லெண்ணமும் நம் ஆசிரியர்களின் பயிற்சியும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 37:12-30, 42:21



யோசேப்பின் வரலாற்றை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கற்றுவிட்டோம். பலவருண அங்கி, குழி, இஸ்மவேலர், எகிப்து, பார்வோனின் அரண்மனை என்று அது நம் நினைவில் விரைந்து ஓடிவிடுகிறது. முடிவு தெரிந்த வரலாறாதலால் குழியின் அருகே நாம் நிற்பதே இல்லை. பள்ளிகள் திறந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குத் திரும்பியிருக்கும் இந்நாட்களில், அங்கே சற்று நிற்கும்படி உங்களை அழைக்கிறேன்.

பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன். எதிரே அவனைவிட மூத்தவர்கள் பத்துப்பேர். அவன் தொலைவில் வரும்போதே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டி ஏளனம் செய்கிறார்கள். அங்கியைக் கழற்றுகிறார்கள். தண்ணீரில்லாத குழியில் தள்ளுகிறார்கள். பின்பு அருகிலேயே அமர்ந்து உணவு உண்கிறார்கள். குழிக்குள்ளிருந்து அவன் என்ன சொன்னான் என்பதை 37ஆம் அதிகாரம் கூறவில்லை. அவன் மனம் கசந்து கெஞ்சினான் என்பதையும், தாங்கள் செவிகொடுக்கவில்லை என்பதையும் 42ஆம் அதிகாரத்தில் அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் நாம் அறிகிறோம். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. துன்புறுத்தப்படும் பிள்ளையின் குரல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அது நடக்கும் நாளில் யாருடைய பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அந்தப் பத்துப்பேரில் ரூபனைக் கவனியுங்கள். அவன் தீயவன் அல்லன். கொல்லவேண்டாம் என்று தடுத்தவன் அவனே. பிறகு வந்து தம்பியைத் தூக்கிவிட்டுத் தகப்பனிடம் சேர்த்துவிடலாம் என்பது அவன் எண்ணம். மூத்தவன் என்ற அதிகாரமும் அவனுக்கு இருந்தது, இரக்கமும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் செய்யவேண்டியதை அவன் அறிந்திருக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விலகிச் சென்றான். திரும்பி வந்தபோது தம்பி அங்கே இல்லை. தன் உடையைக் கிழித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை யோசேப்புக்குப் பயன்படவில்லை.

அன்பானவர்களே, நம் பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் வதைக்கும்போது அருகில் இருக்கும் ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் ரூபனைப் போன்றவர்கள் என்பது என் கருத்து. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணிதம் கற்பிக்கவும், வினாத்தாள் அமைக்கவும், வருகைப் பதிவேடு எழுதவும் அவர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறோம். ஒரு பிள்ளை பல நாட்களாக ஒதுக்கப்பட்டு, உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருப்பதை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்தபின் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை அவர்களுக்கு யார் கற்றுத்தந்தோம்?

நம் கோத்தகிரியின் வகுப்பறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்துங்கள். ஹட்டிகளிலிருந்து வரும் படுகர் பிள்ளைகள், ஊருக்குப் பெயர் தந்த கோத்தர் பிள்ளைகள், காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து வரும் இருளர், குறும்பர் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்ட வேலைக்காக ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், தமிழ் இன்னும் நாவில் படியாமல், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இது ஆண்டவர் நமக்குத் தந்த வளம். அதே வேளையில், வதைக்க நினைக்கும் பிள்ளைக்கு இங்கே ஆயுதங்களும் மிகுதி. பேச்சின் சாயல், தோலின் நிறம், தகப்பனின் வேலை, வீட்டு உணவின் வாசனை, பாட்டி பிறந்த நாடு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கல்லாகிவிடக்கூடும். உண்டு உறைவிடப் பள்ளிகளும் விடுதிப் பள்ளிகளும் நிறைந்த மாவட்டம் நம்முடையது. அங்கே பிள்ளை மாலையில் வீடு திரும்பித் தாயிடம் சொல்லவும் வழியில்லை. விளக்கணைந்தபின் அந்த அறையில் நடப்பதை விடுதிக் காப்பாளர் அறியாவிட்டால் வேறு யார் அறிவார்?

இது வெறும் விளையாட்டுச் சண்டை என்று எண்ணுவோருக்கு நாங்குநேரியை நினைவூட்டுகிறேன். 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள அவ்வூரில், பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற தலித் மாணவன் ஒருவனை அவனுடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அது ஒரே இரவில் முளைத்த பகை அல்ல. சாதியின் பெயரால் அவன் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டிருந்தான். பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தான். விவரம் வெளிவந்து, புகார் பள்ளியை எட்டிய பின்னரே அந்தத் தாக்குதல் நடந்தது. பிள்ளை வாய்திறக்கும் நேரமே அவனுக்கு மிகுந்த ஆபத்துள்ள நேரம் என்பதை இந்நிகழ்வு நமக்குக் காட்டியது. புகாரைப் பெறுவது ஒரு வேலை. புகார் சொன்னவனைக் காப்பது அதைவிடக் கடினமான வேலை. அதற்குப் பழக்கம் வேண்டும்.

இதன்பின் தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18ஆம் நாள் அவர் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். கைகளில் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்னும் பரிந்துரைகளைப் பற்றி நாடெங்கும் விவாதித்தோம். ஆசிரியர்களைப் பற்றிய பரிந்துரைகளைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். கல்வியாண்டுதோறும் ஆசிரியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்றும், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டமே சமூக உள்ளடக்கத்தை நோக்கி மாற்றப்படவேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. 500 மாணவருக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவரை நியமிக்கவும் அது பரிந்துரைக்கிறது. நம் மலைக் கிராமங்களின் சிறு பள்ளிகள் அந்த எண்ணிக்கையை எட்டுவது எளிதன்று. இங்கே வகுப்பாசிரியரே நல அலுவலர்.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சிதம்பரத்தில் 1996ஆம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பின்பு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் பெரும்பாலும் ரூபனைப் போலக் குழி வெறுமையான பின்பே வந்து சேருகிறது. அதற்கு முன்பு வரக்கூடியவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் ஒருவரே.

அப்படியானால் பயிற்சியில் அவர் எதைக் கற்கவேண்டும்?

முதலாவது, பார்க்கக் கற்கவேண்டும். நார்வே நாட்டில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் சக மாணவரின் வதை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டு அரசு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. டான் ஓல்வேயஸ் என்னும் அறிஞர் பெர்கன் நகரில் ஏறத்தாழ 2,500 மாணவரைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் இடைவேளையில் கண்காணித்து, வகுப்பில் தெளிவான விதிகளை வைத்து, உடனுக்குடன் தலையிட்ட பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளுக்குள் வதை பாதியளவுக்குக் குறைந்தது. சண்டைக்கும் வதைக்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் வரையறுத்தார். சண்டையில் இருவரும் சமமானவர்கள். வதையில் ஒருவன் வலியவன், மற்றவன் எளியவன். அது வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப நடக்கிறது. இந்த வேறுபாடு தெரியாத ஆசிரியர் இருவரையும் ஒரே தண்டனைக்கு நிறுத்திவிடுவார்.

இரண்டாவது, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளோடு பேசக் கற்கவேண்டும். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கிவா என்னும் முறை இதனையே அடிப்படையாகக் கொண்டது. வதைப்பவன் ஒருவன், சிரிப்பவர்கள் பலர். சிரிப்பு நின்றால் அவனுக்கு அரங்கம் இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அருகில் அமரவும், அவனோடு விளையாடவும் இரண்டு மூன்று நல்ல தோழர்களை ஆசிரியரே அழைத்துப் பொறுப்பளிக்கிறார். குழியருகே அமர்ந்து உண்டவர்களில் இருவர் எழுந்து நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது கருத்தை, கிறிஸ்தவர்களாகிய நாம் குறிப்பாகக் கேட்கவேண்டும். இருவரையும் ஒருங்கே அழைத்து, கைகுலுக்கச் செய்து, மன்னித்துவிடு என்று கூறி அனுப்புவது நம் பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். அது ஒப்புரவாக்குதலைப் போலத் தோன்றுகிறது. ஆனால் எளிய பிள்ளை, தன்னை வதைத்தவனின் முகத்துக்கெதிரே, ஆசிரியரின் அதிகாரத்துக்குப் பயந்து கைநீட்டுகிறான். வெளியே போனதும் அதற்கும் சேர்த்து வாங்குகிறான். மறுமுறை அவன் யாரிடமும் சொல்லமாட்டான். ஆகவே பயிற்சி பெற்ற ஆசிரியர் அவர்களைத் தனித்தனியே சந்திக்கிறார்; பாதிக்கப்பட்டவனை முதலில் கேட்கிறார்; சில நாட்கள் கழித்து மீண்டும் கேட்கிறார்.

யோசேப்பு மன்னித்தான் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், மன்னித்தான். எப்பொழுது? பதினேழு வயதில் விற்கப்பட்டவன், முப்பதாம் வயதில் பார்வோன் முன் நின்றான். அதன்பின் ஏழு செழிப்பான ஆண்டுகளும் இரண்டு பஞ்ச ஆண்டுகளும் சென்றன. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே அவன் தன்னை வெளிப்படுத்தினான். அதற்கு முன்பு, பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக முன்வந்த யூதாவைக் கண்டான். வதைத்தவனின் மனம் மாறியதைக் கண்ட பின்பு, தானாகவே, கண்ணீரோடு அவன் மன்னித்தான். தேவன் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த இடத்தில், நாம் இடைவேளை மணி அடிப்பதற்குள் ஒரு பிள்ளையிடம் மன்னிப்பைக் கட்டாயமாகப் பறிக்கலாமா?

நான்காவது, ஆசிரியர் தம் நாவைக் காக்கக் கற்கவேண்டும். காலையில் ஆசிரியர் வேடிக்கையாகச் சூட்டிய பட்டப்பெயர், மாலைக்குள் பள்ளி முழுவதும் பரவிவிடும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதைப் போலவே மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. போதகராவதற்கு அநேகர் விரையவேண்டாம் என்று யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எச்சரித்துவிட்டு, உடனே நாவைக் குறித்துப் பேசத் தொடங்குவது தற்செயலானதன்று. அந்த எச்சரிக்கை பிரசங்க மேடையில் நிற்கும் எனக்கும் உரியது.

ஆசிரியர்களின் சுமையை நான் அறியாமல் பேசவில்லை. எமிஸ் பதிவுகள், தேர்வுகள், தேர்தல் பணி என்று அவர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். இன்னொரு பயிற்சியா என்று அவர்கள் சலித்துக்கொள்வது நியாயமே. ஒரு நாள் அமர்ந்து கேட்டு, தேநீர் குடித்து, கையொப்பமிட்டுத் திரும்பும் பயிற்சியை நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் நடப்பதாகவும், உண்மை நிகழ்வுகளை வைத்துப் பேசிப் பழகுவதாகவும், காவலாளி, சமையலர், வாகன ஓட்டுநர், விடுதிக் காப்பாளர் வரை அனைவரையும் சேர்ப்பதாகவும் அது இருக்கவேண்டும். அதற்கான நேரத்தை வேறு வேலைகளைக் குறைத்தே தரவேண்டும். நாங்களும் இப்படித்தான் அடிபட்டு வளர்ந்தோம் என்று கூறுவோருக்கு ஒன்று சொல்வேன்: நீங்கள் வளர்ந்தீர்கள். பள்ளியைவிட்டு நின்றுபோன உங்கள் வகுப்புத் தோழர் இன்று எங்கே என்று நினைத்துப் பாருங்கள்.

சபையாராகிய நாம் செய்யக்கூடியவை உண்டு. நம்மில் பலர் ஆசிரியர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நீங்கள் அதில் இருந்தால், கட்டடத்தையும் கழிப்பறையையும் கேட்பதோடு இந்தப் பயிற்சியையும் கேளுங்கள். சபைகள் நடத்தும் பள்ளிகள் அரசாணைக்குக் காத்திராமல் இதைத் தொடங்கவேண்டும்; திருமறையைக் கையில் வைத்திருப்போர் முந்திச் செல்வதே முறை. நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியர்களும் முதலில் இதைக் கற்றுக்கொள்வார்களாக. வீட்டில் உங்கள் பிள்ளையிடம் மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், இன்று யார் தனியாக அமர்ந்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்னும் எண்ணும் தெரிந்திருக்கட்டும்.

ரூபனுக்கு நல்ல இருதயம் இருந்தது. அவனுக்குக் கைகொடுக்க ஒருவரும் இல்லை. நம் ஆசிரியர்களை அந்த நிலையில் விடாதிருப்போம்.

ஜெபம்: குழியிலிருந்த யோசேப்பின் குரலைக் கேட்ட ஆண்டவரே, எங்கள் மலையின் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மௌனமாய் அழும் பிள்ளைகளை நினைத்தருளும். எங்கள் ஆசிரியர்களுக்குக் காணும் கண்களையும், காலந்தாழ்த்தாத கால்களையும், காயப்படுத்தாத நாவையும் தாரும். வதைக்கும் பிள்ளைகளின் இருதயத்தை யூதாவின் இருதயத்தைப் போல மாற்றும். சபையாகிய எங்களுக்கு எங்கள் கடமையை உணர்த்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.