உளியோசையின் நடுவே ஒரு விடுமுறை



பணம் கொடுத்து வாங்கிய ஓய்வு கிடைக்காமற்போனால் ஒரு விசுவாசி என்ன செய்ய வேண்டும்? நம் சபையின் குடும்பம் ஒன்று இக்கேள்வியோடு சென்ற வாரம் என்னிடம் வந்தது. அவர்களுடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். விடுதியின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கோடையில் மலைக்கோட்டைப் பாறை எப்படிக் கொதிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளி விடுமுறை வந்தால் கடற்காற்றைத் தேடிப் புறப்படுவது திருச்சிக்காரருக்கு வழக்கம். பெரும்பாலோர் வேளாங்கண்ணிக்கோ தரங்கம்பாடிக்கோ போய் அன்று இரவே திரும்பிவிடுவோம். இக்குடும்பத்தாரோ ஓராண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், கிழக்குக் கடற்கரையோர விடுதி ஒன்றில் மூன்று பகலும் இரண்டு இரவும் தங்க முன்பதிவு செய்தார்கள். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், மாலைத் தேநீர் என்று எல்லாம் அடங்கிய ஒரே கட்டணம். மூட்டுவலியால் நடமாட்டம் குறைந்துபோன தாயாரைக் கடலுக்கு எதிரே ஒரு நாற்காலியில் அமரவைக்க வேண்டும் என்பதே மகனுடைய ஆசை.

போய்ச் சேர்ந்தபோது நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. அதற்குள் அமர்ந்து தொழிலாளர் தளக்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குச் செல்லும் பாதை தகரத்தால் அடைக்கப்பட்டிருந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கிய துளைப்பான் ஓசை பொழுது சாயும்வரை ஓயவில்லை. முன்பதிவு செய்த வலைப்பக்கத்திலோ நீலத் தண்ணீர் அன்றும் பளபளத்துக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞன், "கொஞ்ச நாள்தான் சார், முடிஞ்சிடும்" என்றானாம். தங்குவதே மூன்று நாள்தான்! தாயார் பெரும்பாலும் அறைக்குள்ளேயே சன்னலைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டார்.

"ஐயா, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? அல்லது சகித்துக்கொள்வதுதான் நம் சாட்சியா?" என்று மகன் கேட்டார்.

கேட்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எதற்காகக் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

கட்டடம் என்றால் பழுதுபார்க்கத்தான் வேண்டும். கடற்கரைக் கட்டடத்தில் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் கரையோரத்தில் வெளிவேலை செய்ய வறண்ட மாதங்களே ஏற்றவை. அதே மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறையும் வருகிறது. ஆகவே உளியோசைக்காக விடுதிக்காரரைக் குற்றப்படுத்த நான் ஆயத்தமாயில்லை. அவர்கள் அதைச் சொல்லாமல் மறைத்ததே குற்றம். வேலை நடக்கிறது, குளம் மூடியிருக்கிறது, கட்டணத்தில் இவ்வளவு குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தால், அக்குடும்பம் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கும், அல்லது மலிவாயிற்றே என்று மனமறிந்து போயிருக்கும். தெரிந்தெடுக்கும் அந்த உரிமை அவர்களுடைய கையிலிருந்து பறிக்கப்பட்டது. வாங்கும்போதும் விற்கும்போதும் ஒருவரையொருவர் அநியாயம் செய்யலாகாது என்று மோசே கொடுத்த கட்டளை (லேவியராகமம் 25:14) நிலத்துக்குச் சொல்லப்பட்டது. விடுதி அறைக்கும் அது பொருந்தும்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. தொடர்புடைய செய்தியை வேண்டுமென்றே மறைப்பதையும் அது சேவைக் குறைபாடு என்றே கணக்கிடுகிறது. விடுதி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது திருச்சியிலேயே, முறையிடலாம். இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதிடலாம். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம். இவையெல்லாம் போதகர் எழுத வேண்டிய செய்தியா என்று சிலர் நினைக்கக்கூடும். ஏமாற்றப்பட்டவர் வீட்டில் உட்கார்ந்து புலம்பி, அப்புலம்பலையே பொறுமை என்று எண்ணிக்கொள்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

விசுவாசிகள் வழக்காடுவதைப் பவுல் கடிந்துகொள்ளவில்லையா என்று மகன் கேட்டார். கொரிந்து சபைக்கு அவர் எழுதியது, சகோதரர்கள் ஒருவரோடொருவர் வழக்காடுவதைப் பற்றி (1 கொரிந்தியர் 6). அதே பவுல்தான் பிலிப்பி பட்டணத்தில், விசாரணையின்றி அடித்துச் சிறையிட்ட அதிகாரிகள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று நின்றார் (அப்போஸ்தலர் 16:37). அவருக்குப் பின்னால் அந்தப் பட்டணத்தில் ஒரு சிறு சபை இருந்தது. லீதியாளின் வீட்டில் கூடிய அந்தச் சபையாரை நாளைக்கு யாரும் கேள்வியின்றி அடிக்கக் கூடாது என்பதும் அவருடைய எண்ணத்தில் இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். நீங்கள் விடுதிக்கு எழுதும் கடிதமும் அடுத்த வாரம் அங்கே போகவிருக்கும் வேறொரு குடும்பத்துக்கு உதவும்.

அப்படி எழுதுகையில் முதலில் விடுதி நிர்வாகத்துக்குத் தனியாக எழுதுங்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் ஒழுங்கு சகோதரருக்குச் சொல்லப்பட்டதேயானாலும், அந்நியரிடத்திலும் அதைக் கைக்கொள்வதால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பதில் வராவிட்டால் ஆணையம் இருக்கிறது. கைப்பேசியில் நட்சத்திரமிட்டு விமர்சனம் எழுதுவோரும் உண்டு. அது பொதுவெளியில் நாம் சொல்லும் சாட்சி, ஆகவே பொய்ச்சாட்சி கூடாது என்ற கற்பனை அங்கேயும் நிற்கிறது. எந்தத் தேதியில் எது மூடியிருந்தது என்று எழுதுங்கள். மேசையில் நின்ற இளைஞனின் பெயரை எழுதாதீர்கள். வலைப்பக்கத்தில் படத்தை மாற்றும் அதிகாரம் அவனிடத்தில் இல்லை. விருந்தினரின் கோபத்தை வாங்கிக்கொள்ளவே அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

தளக்கல் அறுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எங்கே திரும்பினாலும் வேலையாட்கள்" என்று தாயார் சலித்துக்கொண்டாராம். பேரப்பிள்ளை ஒரு செய்தி சொன்னான். விருந்தினருக்குப் பந்தலின்கீழ் பதினைந்து வகை உணவு இருந்தது. பின்புறம் தகரக் கொட்டகையில் அந்த வடமாநிலத் தொழிலாளர் தங்கள் சோற்றைத் தாங்களே பொங்கிக்கொண்டிருந்தார்கள். (அந்தப் பதினைந்தில் கடல்மீன் வறுவலும் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த மீன் நாட்டுப்படகில் வந்ததோ பனிக்கட்டியில் வந்ததோ!)

எல்லாம் அடங்கிய கட்டணம் என்னும் இந்த ஏற்பாட்டைப் பரப்பியவர் பெல்ஜிய நாட்டவரான ஜெரார் பிளிட்ஸ். போர் முடிந்து ஐந்தாண்டு கழித்து, 1950-இல், ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் கூடாரங்கள் அடித்து 'கிளப் மெடித்தரானே' விடுமுறை முகாமைத் தொடங்கினார். களைத்துப்போன மக்கள் காசை எண்ணாமல் சில நாள் இருந்துவிட்டு வரட்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆயினும் எல்லாம் அடங்கிய அந்த மதிலுக்குள்ளேயே அடங்காத சிலர் நம் கண்ணெதிரே வேலை செய்கிறார்கள்.

சாலொமோன் ஆலயத்தைக் கட்டுகையில், கற்கள் வெட்டுமிடத்திலேயே ஒழுங்காக்கப்பட்டு வந்தமையால், கட்டும் இடத்தில் சுத்தியலோ வாச்சியோ வேறெந்த இருப்பாயுதமோ ஒலிக்கவில்லை என்று வாசிக்கிறோம் (1 இராஜாக்கள் 6:7). எருசலேமின் அந்த அமைதியைப் போற்றிப் பிரசங்கம் செய்வது வழக்கம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். மலைகளில் கல்வெட்டுவோர் எண்பதினாயிரம் பேர். சுமைசுமப்போர் எழுபதினாயிரம் பேர். லீபனோனுக்கு முறைவைத்து அனுப்பப்பட்ட அமஞ்சி ஆட்கள் முப்பதினாயிரம் பேர். மாதத்துக்குப் பதினாயிரம் பேராய்ப் போனார்கள். ஓசை இல்லாமற்போகவில்லை. மலையில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தங்கும் அறை அமைதியாயிருந்தால், வேறொரு மாதத்தில் யாரோ ஒருவர் அந்த இரைச்சலில் நாள்முழுதும் நின்றிருக்கிறார். ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தில், தொழிலாளரால் தொல்லை என்ற சொல் வர வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். தாயாரும் ஒப்புக்கொண்டார். இதை முன்வைத்துச் சண்டை போடுவாரோ என்று சற்று அஞ்சியிருந்தேன்!

பழுதுபார்க்கும் இடத்துக்கு மக்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பது புதிதல்ல. யோவாஸ் ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம்வரை ஆலயத்தின் பழுதுகள் பார்க்கப்படாதிருந்தன. பின்பு ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே, வருகிறவர்களுக்கு வலதுபக்கமாய் வைத்தான் (2 இராஜாக்கள் 12). உள்ளே நுழைகிற எவரும் அதைக் கடந்தே போக வேண்டும். ஆலயம் பழுதுபட்டிருக்கிறது என்பதை அவன் வாசலிலேயே சொல்லிவிட்டான்.

நம் ஊரிலும் இதைப் பார்க்கிறோம். திருவரங்கத்தில் 2015 நவம்பரில் குடமுழுக்கு நடந்ததற்கு முன் பெரும் திருப்பணி நடந்தது. 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் அதற்குக் கிடைத்தது. அயலாராகிய அவர்கள் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் என்னும் சடங்கைச் செய்து, வேலை முடியும்வரைக்கான ஏற்பாட்டை ஊரறிய அறிவிப்பது வழக்கம். நம் விசுவாசம் வேறு. ஆயினும் அந்த ஒழுங்கில் நாம் கற்க ஒன்று உண்டு. காவிரிப் பாலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1976-இல் கட்டப்பட்ட அப்பாலம் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சீரமைப்புக்காக மூடப்பட்டபோது, சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவே சுற்றிச் சுற்றிப் போய் நாமெல்லாம் முணுமுணுத்தோம். ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

இதை இவ்வளவு விரிவாய் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் ஆலய வளாகத்துச் சமுதாயக் கூடத்தில் அடுத்த மாதம் பழுதுபார்க்கும் வேலை தொடங்குகிறது. சமையற்கூடத்தின் தரையைப் பெயர்க்கப் போகிறார்கள். கழிப்பறைகளில் பாதியைப் பயன்படுத்த முடியாது. வாகனங்கள் நிற்கும் இடத்தில் மணலும் ஜல்லியும் கொட்டப்படும். ஆனால் செப்டம்பர் மாதத்துக்கு ஐந்து குடும்பத்தார் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் நம் சபையார் அல்லர். "அதற்குள் வேலை முடிந்துவிடும், இப்போதே சொன்னால் வேறு மண்டபத்துக்குப் போய்விடுவார்கள், வருமானம் போய்விடும்" என்று சேகரக் குழுவில் ஒரு கருத்து எழுந்தது. சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கூடத்தின் வாடகையில்தான் நம் ஏழைப்பிள்ளைகளின் கல்விநிதியில் ஒரு பகுதி வருகிறது. அந்நிதி குறைந்தால் அடுத்த ஆண்டு யாருடைய கட்டணத்தை நிறுத்துவது என்ற கேள்வி என் மேசைக்குத்தான் வரும்.

ஆயினும் அந்த ஐந்து குடும்பங்களுக்கும் இந்த வாரமே கடிதம் போக வேண்டும். எந்தெந்தப் பகுதி மூடியிருக்கும் என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். வேறிடம் பார்க்க விரும்புவோருக்கு முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும்; இங்கேயே நடத்துவோருக்கு வாடகை குறைய வேண்டும். கூடத்தின் வாசலிலும் ஒரு பலகை வைப்போம். கல்விநிதியில் விழும் குறைவுக்கு யோய்தாவைப் போல ஒரு பெட்டி வைக்கலாம் என்று கேட்கப் போகிறேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேகரக் குழு கூடுகிறது. முன்பணம் கட்டியோரின் பட்டியலைச் செயலாளர் கொண்டுவருவார்.