சம்பளக் கணக்கு மட்டும் போதுமா?



பிரிட்டனுக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளத்தை விலாவாரியாகச் சொன்னவர், கிளம்பும் முன்பே கையைவிட்டுப் போகும் பணத்தைத் தொடவே இல்லை. விசாக் கட்டணம் தனி. அதற்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம்: 2024 பிப்ரவரி முதல் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776. மூன்று வருட விசா என்றால் மூன்று வருடத்துக்கும் விண்ணப்பத்தோடு மொத்தமாகக் கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு 10,866 பவுண்டு. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். நர்ஸ், டாக்டர் விசாவுக்கு இது கிடையாது, ஐ.டி.காரர்களுக்கு உண்டு. கம்பெனி தருமா என்று முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பள்ளி விஷயத்திலும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் நடு வருடத்தில் வந்தால் காலியிடம் இருக்கும் பள்ளிதான் கிடைக்கும். எங்கள் மூத்தவளுக்கு ஒரு பள்ளி, சின்னவனுக்கு எதிர்த்திசையில் இன்னொன்று. இரண்டுக்கும் மணி ஏறக்குறைய ஒரே நேரம்! காலை ஒன்பது மணி வேலைக்கு நானும் மனைவியும் எப்படிப் போகிறோம் என்று கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர 2024 மார்ச்சிலேயே தடை வந்துவிட்டது. 2025 ஜூலை முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது. அந்த வேலையை வாங்கித் தருவதாகச் சொல்லி இன்னும் லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் ஏஜென்டுகளைப் பற்றி அடுத்த இதழிலாவது எழுதுங்கள்.

– ஒரு வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து